கூடாரமும் குழாயும்: அமெரிக்க முகாம் மரபின் கதை

அமெரிக்காவில் காட்டுப்பக்கம் ஓர் இரவைக் கழிக்கக் கிளம்புகிறவர் முதலில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். தேசியக் காடுகளின் உட்பகுதிக்குப் போகலாம். அங்கே குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, மின்சாரம் கிடையாது. வேண்டியதையெல்லாம் முதுகில் சுமந்துபோய், குப்பையையும் முதுகிலேயே சுமந்து திரும்ப வேண்டும். இல்லையென்றால் ‘ஹுக்கப்’ உள்ள முகாம்திடலில் இடம் பிடிக்கலாம். வண்டியை நிறுத்தியதும் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பதுபோலவே இருந்துகொள்ளலாம். இவற்றில் எது மேல் என்ற வாதம் வெகுகாலமாக ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெறுங்கூடாரம்தான் பழையது, அதுவே அசல். குழாயும் பிளக்கும் பின்னாளில் சொகுசு தேடி வந்த கலப்படம் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. இன்று நாம் காணும் இரண்டு வடிவங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில், மோட்டார் கார் என்ற ஒரே காரணத்தால் உருவானவை. வரிசை பிடித்து, எல்லை வகுத்து அமைத்த முகாம்திடல், மிதிபட்டு இறுகிப்போன மண்ணைக் காப்பாற்றவே முதலில் வரையப்பட்டது. ஆகவே எது அசல் என்று கேட்பதைவிட, எந்த நிலம் எவ்வளவு தாங்கும் என்று கேட்டு முடிவெடுப்பதே நியாயம்.

கார் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று பார்ப்போம். பொழுதுபோக்காக முகாமிடும் வழக்கம் அமெரிக்காவில் பரவலானதற்கு ஒரு புத்தகத்தைக் காரணமாகச் சொல்வார்கள். பாஸ்டன் நகரின் பார்க் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் போதகராக இருந்த வில்லியம் முர்ரே 1869இல் நியூயார்க் மாநிலத்தின் ஆடிராண்டாக் மலைக்காடுகளைப் பற்றி எழுதிய நூல் அது. அதைப் படித்துவிட்டு அந்தக் கோடையிலேயே நகரவாசிகள் கூட்டங்கூட்டமாக ரயிலேறினார்கள். ஆனால் அவர்கள் தனியாகக் காட்டுக்குள் போகவில்லை. படகைத் தோளில் தூக்கவும், மரப்பட்டைகளை வேய்ந்து ஒதுங்க இடம் கட்டவும், மீன் பிடித்துச் சமைத்துத் தரவும் உள்ளூர் வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் போன்றவர்கள் விதிவிலக்கு. நோயாளியான அந்தச் சிறிய உருவக்காரர் 1883இல், ஐந்து கிலோகூட எடையில்லாத ஒன்பதடிப் படகில் வழிகாட்டியின்றி அதே ஏரிகளைச் சுற்றிவந்தார். எளிமையாக முகாமிடுவது வேண்டுமென்றே உடம்பை வருத்திக்கொள்வதற்காக அல்ல, வருத்தம் குறைந்து இலகுவாக இருப்பதற்காகத்தான் என்பது அவருடைய போதனை. மேற்கே, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1851இல் புகுந்த மாரிபோசா படை அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை விரட்டியடித்திருந்தது. பின்னால் வந்த பயணிகள் மனிதர் காலடியே படாத இடம் என்று வியந்து நின்றது, ஆட்கள் வெளியேற்றப்பட்ட ஒரு குடியிருப்பின்மேல். ஆக, தூய்மையான ஆதி முகாம் என்று சுட்டிக்காட்டத் தக்க ஒன்று அந்தத் தொடக்கத்திலும் இருக்கவில்லை. மற்றவர் உழைப்பும் மற்றவர் இழப்பும் அதற்குள் இருந்தன.

கார் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வெளிவந்தபோது அதன் விலை 850 டாலரை ஒட்டி இருந்தது. 1920களின் நடுவில் அது 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 1907இல் கார்களைத் தடை செய்திருந்த யோசெமிட்டி தேசியப் பூங்கா 1913இல் அவற்றை உள்ளே விட்டது. 1915இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் கதவைத் திறந்தது. அதுவரை ரயில் கட்டணம், குதிரைவண்டிக் கட்டணம், விடுதிக் கட்டணம் என்று மூன்று செலவையும் தாங்கக்கூடியவர்களுக்கே எட்டிய இடங்களுக்கு, இப்போது சமையல் பாத்திரத்தையும் கித்தானையும் காரில் கட்டிக்கொண்டு ஒரு சாதாரணக் குடும்பம் வந்து சேர முடிந்தது. இந்த மோகத்துக்கு விளம்பரமாக அமைந்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பர்ரோஸ் ஆகியோர் சேர்ந்து முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து கோடைகளில் முகாம் பயணம் போனார்கள்; 1921இல் பர்ரோஸ் இறந்த பிறகும் மற்றவர்கள் 1920களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தார்கள். பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. அந்த ஊர்வலத்தில் சமையல்காரர்கள் இருந்தார்கள், சமையலறை வண்டி இருந்தது, எடிசனின் சேமிப்பு பேட்டரியில் எரியும் மின்விளக்குகள் கூடாரங்களுக்குள் இருந்தன. கார் முகாமின் முதல் தலைமுறையிலேயே மின்சாரமும் கூடவே வந்துவிட்டது. அசலான முகாமில் பல்புக்கு இடமில்லை என்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கார்கள் பெருகியதும் ஓர் இக்கட்டு வந்தது: இரவில் எங்கே நிறுத்துவது? தொடக்கத்தில் சாலையோர வயல், பள்ளிக்கூட மைதானம், ஆற்றங்கரை என்று கண்ட இடத்தில் கூடாரம் அடித்தார்கள். விவசாயிகள் வேலி உடைந்ததையும் கிணறு அசுத்தமானதையும் சொல்லிப் புகார் செய்தார்கள். இதற்கு விடையாகத்தான் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் நிர்வாகங்கள் இலவச ஆட்டோ முகாம்களைத் திறந்தன. டென்வர் நகரின் ஓவர்லாண்ட் பார்க் அவற்றில் பேர்பெற்றது. குடிநீர், கழிப்பறை, குளியலறை, விளக்கு எல்லாம் பொதுவாகக் கிடைத்தன. தங்கியவர்கள் ஊர்க்கடைகளில் பொருள் வாங்குவார்கள் என்பது நகரசபையின் கணக்கு. ஃப்ளாரிடாவின் டாம்பா நகரில் 1919இல் கூடிய கார் முகாம்காரர்கள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற பெயரில் சங்கமே தொடங்கினார்கள். ஆனால் வேலை தேடி ஊர் ஊராக அலைந்த ஏழைக் குடும்பங்களும் அந்தத் திடல்களுக்கு வரத் தொடங்கியதும், அவர்களை ஒதுக்கிவைக்க ஊர் நிர்வாகங்கள் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. கட்டணம் கொடுத்தவர் அதற்கேற்ற வசதியை எதிர்பார்த்தார். தனியார் போட்டிக்கு வந்தார்கள், கூடாரத்துக்குப் பக்கத்தில் மரக்குடிசை முளைத்தது. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 1925இல் கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹைன்மன் திறந்த விடுதிதான் ‘மோட்டல்’ என்ற பெயரைச் சூடிய முதல் கட்டடம். முகாமின் ஒரு கிளை இப்படி வளர்ந்து வளர்ந்து விடுதியாகவே முடிந்தது.

ஊருக்குள் நடந்த கதை இது. காட்டுக்குள் நடந்தது இதைவிட முக்கியமானது. கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் உலகின் மிகப் பெரிய மரங்களின் நிழலில்தான் எல்லோரும் கூடாரம் அடிக்க விரும்பினார்கள். தாவர நோய்களை ஆராயும் அரசு விஞ்ஞானி எமிலியோ மைனெக்கி 1926இல் அங்கே போய் நிலைமையை ஆராய்ந்தார். சில ஆண்டுகளில் கடலோர ரெட்வுட் பூங்காக்களையும் பார்த்து அறிக்கை எழுதினார். மரங்களுக்குக் கோடரியாலோ பூச்சியாலோ ஆபத்து வரவில்லை. காலடியும் டயரும்தான் பகை என்று அவர் கண்டார். அந்த ராட்சத மரங்களின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, மேல்மண்ணுக்கு அடியிலேயே பக்கவாட்டில் வெகுதூரம் பரவுகின்றன. மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் காற்றும் நீரும் வேருக்குப் போகின்றன. ஒரே இடத்தில் ஆயிரம் பேர் நடந்து, நூறு கார்கள் முன்னும் பின்னும் திரும்பினால் அந்த இடைவெளி அடைபட்டு, மண் களிமண் தளம்போல் இறுகிவிடுகிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். மெல்லிய வேர்முனைகள் சாகும். முதலில் தரைச்செடிகள் மறையும், பிறகு புதர்கள், பிறகு மரக்கன்றுகள். மூத்த மரம் மட்டும் பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும். அதன் வாரிசுகள் முளைக்க மாட்டா. யாரும் எந்த விதியையும் மீறாமலே, காட்டை நேசித்து வந்தவர்களின் காலடியிலேயே காடு செத்துக்கொண்டிருந்தது.

இதற்கு மைனெக்கி சொன்ன மருந்துதான் இன்றைய முகாம்திடலின் வரைபடம். 1932இல் வனத்துறைக்காக அவர் எழுதிய கொள்கைக் குறிப்பு, பயணியைத் தடுக்கச் சொல்லவில்லை. அவர் எங்கே கால் வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கச் சொன்னது. ஒருவழியாகச் சுற்றிவரும் வளையச் சாலை ஒன்று. அதிலிருந்து சாய்வாகப் பிரிந்து ஒரே ஒரு கார் நுழையும் அளவுக்குச் சிறிய கிளைத்தடம். கார் அதைத் தாண்டாதபடி பாதியளவு மண்ணில் புதைத்த பாறைகளும் கட்டைகளும். ஓரிடத்தில் நிலையாகப் பதித்த மேசை, ஓரிடத்தில் நிலையான அடுப்பு, ஓரிடத்தில் கூடாரத்துக்கான சமதளம். இரண்டு இடங்களுக்கு நடுவே திரையாக நிற்கத் தொடாமல் விட்ட புதர். மேசையை நகர்த்த முடியாது என்பதால் காலடித்தடமும் நகராது. வேர்களுக்கு மேலுள்ள மற்ற மண் மூச்சு விடும். 1933இல் பெருமந்தக் கால வேலைத்திட்டமாகத் தொடங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படையின் இளைஞர்கள் இந்த வரைபடத்தை நாடு முழுக்கக் கல்லிலும் மரத்திலும் கட்டி எழுப்பினார்கள். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அந்தப் படையில் பணிபுரிந்தார்கள். இன்று ஒரு தேசியப் பூங்காவில் எண் பலகை, மேசை, இரும்புத் தட்டி போட்ட அடுப்பு என்று பார்க்கும் எந்த முகாமிடத்திலும் அந்த நோய்க்கூறு விஞ்ஞானியின் கணக்கு இருக்கிறது.

அதே பத்தாண்டுகளில்தான் எதிர்முனையும் உருவாகியது. வனத்துறை அதிகாரி ஆல்டோ லியோபோல்ட், இரண்டு வாரம் குதிரையில் சுமையேற்றிப் பயணம் போகும் அளவுக்கு விரிந்த, சாலையே இல்லாத நிலப்பரப்புகளை விட்டுவைக்க வேண்டும் என்று 1921இல் எழுதினார். 1924இல் நியூ மெக்ஸிகோவின் கீலா வனப்பகுதி அப்படி ஒதுக்கப்பட்ட முதல் நிலமாயிற்று. 1934 அக்டோபரில் டென்னசியின் நாக்ஸ்வில் அருகே பாப் மார்ஷல், பென்டன் மெக்காய் உள்ளிட்ட வன ஆர்வலர்கள் சிலர் போய்க்கொண்டிருந்த காரைச் சாலையோரம் நிறுத்தி, இறங்கி நின்று பேசியதில் ‘வனச் சங்கம்’ உருப்பெற்றது. அவர்களுடைய கவலை சுரங்கமோ மரம் வெட்டுவதோ மட்டுமில்லை; மலை முகடுகளில் எல்லாம் உல்லாசச் சாலை போடும் வேகமே அவர்களை ஒன்று சேர்த்தது. அந்த முயற்சி 1964 செப்டம்பர் 3ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனச் சட்டமாக முடிந்தது. அதன் பாதுகாப்பில் வந்தது முதலில் 91 லட்சம் ஏக்கர். இன்று சுமார் 11 கோடி ஏக்கர். இன்று ஒருவர் குழாயில்லாத காட்டில் கூடாரம் அடிக்கிறார் என்றால், அங்கே சாலையும் குழாயும் வராமல் தடுத்துவைத்திருப்பது சட்டம். நாடு காரை ஏற்றுக்கொண்ட பிறகு, அதற்கு எங்கே இடம் கொடுப்பது, எங்கே மறுப்பது என்று போட்ட ஒரே கணக்கின் இரண்டு விடைகளே வளையச் சாலையும் சாலையில்லா வனமும். லட்சக்கணக்கானவர்களை ஏற்றுக்கொள்ள முகாம்திடல் இருந்ததால்தான் வனத்தை வெறுமையாக விட்டுவைக்க முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மைனெக்கியின் திட்டம் மண்ணுக்காக வந்தது சரி. ஹுக்கப் அப்படி வந்ததா? அது வெறும் வியாபாரம்தானே? இந்த மறுப்பில் பாதி உண்மை. மைனெக்கியே 1935இல் டிரெய்லர்களின் படையெடுப்பைக் கண்டு கவலையோடு எச்சரித்தார். அவற்றின் நீளத்துக்காகச் சாலையை அகலப்படுத்தினால் காடு சுருங்கும் என்று அஞ்சினார். பிறகு வந்ததோ அவர் அஞ்சியதைவிடப் பெரிது. 1956இல் தொடங்கிய ‘மிஷன் 66’ திட்டம், 1966க்குள் ஆண்டுக்கு 8 கோடி பேர் பூங்காக்களுக்கு வருவார்கள் என்று கணக்கிட்டுச் சாலைகளையும் முகாம்களையும் பெருக்கியது. அதுவும் போதவில்லை. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் கார்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரைத் தாண்டுவதைப் பார்த்த டேவ் டிரம் என்ற வணிகர், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையிலிருந்த தன் நிலத்தில் வெந்நீர்க் குளியல், கழிப்பறை, சிறு கடையுடன் ஓர் இரவுக்கு 1.75 டாலர் என்று முகாம் திறந்தார். கே.ஓ.ஏ. என்ற சங்கிலி நிறுவனம் அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் ஹுக்கப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மறுப்பின் மறுபாதி கரைகிறது. ஒவ்வோர் இடத்திலும் இடுப்பளவு உயரக் கம்பத்தில் 20, 30, 50 ஆம்பியர் பிளக்குகள். குடிநீருக்கென்றே தனிக் குழாய். தரைமட்டத்தில் மூடி போட்ட கழிவுநீர் வாய். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள் உண்டு: கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று, குளித்த, கழுவிய நீருக்கு ஒன்று. முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்துவிட்டு, பிறகு மற்றதைத் திறந்தால் அந்த நீரே குழாயை அலசிவிடும். இந்தக் கழிவு ஓடையில் கலக்காமல் சுத்திகரிப்புக்குப் போவதற்கு அந்த வாய்தான் உத்தரவாதம். மின்கம்பம் இல்லாத திடல்களில் ஜெனரேட்டர் ஓசைக்கு நேரம் குறித்துக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. பெரிய வண்டிகள் ஓடத்தான் போகின்றன என்றால், அவற்றின் கழிவையும் ஓசையையும் ஓரிடத்தில் அடக்கும் ஏற்பாடு நிலத்துக்குச் செய்யும் நன்மையே. நெடுஞ்சாலையோரத்தில் அது இருக்கட்டும், உட்காட்டில் வேண்டாம் என்ற கோடுதான் முக்கியம். யோசெமிட்டியின் முகாம்திடல்களில் இன்றும் ஹுக்கப் கிடையாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தனியாகப் போய், ஒரே இரவு தங்கி, குப்பையையும் எடுத்துவந்துவிடும் ஒருவரால் காட்டுக்கு என்ன கெடுதல்? இதற்கு விடை அளந்தே கிடைத்திருக்கிறது. அமெரிக்க–கனடிய எல்லையிலுள்ள படகுப் பயணக் காடுகளின் முகாமிடங்களை ஆராய்ந்து ஃப்ரிஸ்ஸல், டங்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965இல் வெளியிட்ட கட்டுரை, குறைவாகப் பயன்பட்ட இடங்களிலேயே தரைச்செடிகளின் பெரும்பகுதி அழிந்திருப்பதைக் காட்டியது. பின்னர் டேவிட் கோல் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன: சேதத்தில் பெரும்பங்கு முதல் சில இரவுகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தாலும் கூடுதல் சேதம் குறைவு. மீள்வதற்கோ ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே பலர் போகும் இடத்தில், ஏற்கெனவே தேய்ந்த தரையில் தங்குவதே நல்லது. யாரும் போகாத இடத்தில் தங்குகிறவர்தான் தடம் பதியாதபடி ஒவ்வோர் அடியிலும் கவனமாக இருக்க வேண்டும். மின்னசோட்டாவின் எல்லை ஏரிப் பகுதி இதற்கு நல்ல சான்று. சட்டப்படி வனம், சாலை இல்லை. ஆனாலும் அங்கே சுமார் 2,000 முகாமிடங்கள் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு அடுப்புத் தட்டியும், சற்றுத் தள்ளிக் குழிக்கழிப்பறையும் இருக்கின்றன. மைனெக்கியின் மேசை அங்கே அடுப்புத் தட்டியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். குறியிடப்படாத காட்டிலோ நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளித் தங்குவது, மலத்தை ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் புதைப்பது, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் இருப்பது என்று குழாய் செய்யும் வேலையை ஒழுக்கம் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விஷயம் நீதி சார்ந்தது. வசதி கூடிய முகாம்தான் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் இரவில் மூச்சுக்கருவி வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் காட்டோர இரவைத் திறந்துவிட்டது. அதைச் சொகுசு என்று இகழ்வது கொடுமை. அதேசமயம், வசதி மட்டுமே கதவைத் திறந்துவிடாது என்பதற்கும் இந்த வரலாற்றில் சாட்சி உண்டு. ஊர் முகாம்களில் கட்டணம் வந்ததே ஏழைகளைத் தள்ளிவைக்க. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 1939இல் திறந்த லூயிஸ் மவுண்டன் முகாம், கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. அந்தப் பிரிவினை 1950ஐ ஒட்டித்தான் முற்றாக ஒழிந்தது. சாலையில் எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று அறியக் கறுப்பினப் பயணிகள் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டே பயணம் செய்தார்கள். பொது நிலத்தில் ஓர் இரவு என்பது எல்லோருக்கும் உரியதாக வேண்டுமானால், குழாயுள்ள இடமும் வேண்டும், குழாயில்லாத இடமும் வேண்டும், இரண்டும் சாதாரணமானவருக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும்.

ஆகவே அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உள்பட, கோடை விடுமுறைக்கு முகாம் தேடுகிற யாருக்கும் இந்த நூறாண்டு அனுபவம் சொல்வது எளிமையானது. கூட்டம் கூடும் புகழ்பெற்ற இடமா, சின்னக் குழந்தைகளும் தாத்தா பாட்டியும் உடன் வருகிறார்களா, பெரிய வண்டியில் போகிறீர்களா? குறித்துவைத்த முகாமிடத்தில் தங்குங்கள். பெரிய வண்டிக்குக் கழிவு இணைப்புள்ள திடலையே தேடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சில இடங்களில் நிலமே அப்படிக் கேட்கிறது: கிரிஸ்லி கரடிகள் நடமாடும் யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் திடலில் கெட்டிச் சுவருள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி, கூடாரத்துக்கு இல்லை. உங்கள் நீரையும் கழிவையும் நீங்களே பொறுப்பேற்கத் தெரியுமானால், கற்றுக்கொள்ளப் பொறுமையும் இருக்குமானால், சாலையில்லாத காட்டுக்குப் போங்கள். அங்கே கிடைக்கும் தனிமையை எந்தத் திடலும் தர முடியாது. ஆனால் பழகாத கையோடு, புகைப்பட ஆசையில், யாரும் மிதிக்காத புல்வெளியில் முதல் கூடாரத்தை அடிக்காதீர்கள். அந்தப் புல் திரும்ப முளைக்க எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளை உங்கள் ஓர் இரவால் ஈடுகட்ட முடியாது.